வயிற்றுக்கும் தாடைக்கும் ஒரே நம்பர்

"உங்க வயித்துக் கொழுப்புல இருந்து செல் எடுத்து, அதை வச்சு உங்க தாடை எலும்பை வளர்த்துப் பார்க்கலாம்மா" என்று டாக்டரம்மா சொன்னபோது எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, வெட்கம். முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் சுவரில் மாட்டியிருந்த பல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று கன்னத்தில் தெரிந்தது.

பயம் அப்புறம் வந்தது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித் திருப்பூர் பஸ் ஏறுவதற்குள் வந்துவிட்டது.

பயப்படுவது எனக்குக் கைவந்த வேலை. எங்கள் பக்கத்தில் அதை வெசனம் என்பார்கள். கம்பெனி வேன் வருவதற்கு வெகு முன்பே ரோட்டில் போய் நிற்பேன். வேன் வந்து நின்றதும், தினமும் பார்க்கிற அதே டிரைவரின் முகத்தை ஒருமுறை பார்த்து, இது நம் வேன்தான் என்று உறுதி செய்துகொண்டு ஏறுவேன். எட்டாவதோடு படிப்பை விட்டவளுக்கு உலகத்தில் பாதி விஷயம் புரியாது. புரியாததெல்லாம் கெட்டதாகத்தான் முடியும் என்று மனசு முந்திக்கொண்டு கணக்குப் போடும்.

தாடை விஷயத்தில் அந்தக் கணக்கு ஒருமுறை சரியாகவே போயிருந்தது. முந்தின வருடம் இடது கீழ்த்தாடை வீங்கியது. பல்வலி என்று கிராம்பை அடக்கிக்கொண்டு வேலைக்குப் போனேன். பல் ஆட ஆரம்பித்த பிறகு எக்ஸ்ரே எடுத்தார்கள். கட்டி. கேன்சர் இல்லை, ஆனால் எலும்பை உள்ளுக்குள்ளேயே தின்றுகொண்டு போகிற வகை. மிச்சம் வைத்தால் திரும்ப வரும் என்று கட்டியோடு எலும்பிலும் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். அந்தப் பக்கத்துப் பற்களும் போயின. வெட்டின இரண்டு முனைகளையும் ஒரு டைட்டானியம் தகட்டால் இணைத்திருந்தார்கள். தகடு தாடையைக் கோணாமல் பிடித்து வைக்கும். அதன் மேல் பல் வைக்க முடியாது, கடிக்க முடியாது, வருடக்கணக்கில் விட்டால் தகடே உடைந்துபோகலாம். நடுவில் எலும்பு வந்தாக வேண்டும்.

அதற்கு வழக்கமான வழி ஒன்று இருந்தது. கெண்டைக்காலுக்குப் பக்கத்தில் ஓடுகிற மெல்லிய எலும்பில் ஒரு நீளத்தை வெட்டி எடுத்துத் தாடையில் வைப்பது. பல வருடமாகச் செய்கிற வழி. எத்தனையோ பேருக்குச் செய்தது.

"கால் எலும்பை எடுத்தா நடக்கலாமுங்களா?" என்று அன்றைக்கே கேட்டேன்.

"நல்லா நடக்கலாம்மா. கொஞ்ச மாசம் ஆகும்."

"நிக்கலாமுங்களா?"

டாக்டரம்மா பேனாவை மேசையில் வைத்தார். "எவ்வளவு நேரம் நிக்கணும் உங்களுக்கு?"

"காலைல போனா பொழுது சாயற வரைக்குமுங்க."

அவர் பொய் சொல்லவில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது, சிலருக்குக் கணுக்கால் பலம் குறையும், நாளெல்லாம் நின்றால் வலிக்கும், நீங்கள் எந்தப் பக்கம் என்று முன்கூட்டிச் சொல்ல எனக்குத் தெரியாது என்றார். அதற்குப் பிறகுதான் கொழுப்பைப் பற்றிப் பேசினார். கொழுப்புக்குள் ஸ்டெம் செல் என்று ஒரு வகை இருக்கிறதாம். இன்னதுதான் ஆக வேண்டும் என்று இன்னும் முடிவாகாத செல். வயிற்றில் சின்னக் குழாய் விட்டுக் கொஞ்சம் கொழுப்பை உறிஞ்சி எடுத்து, அந்தச் செல்லை மட்டும் பிரித்து, ஆய்வகத்தில் சில வாரம் பெருக்குவார்கள். எலும்பில் இருக்கும் உப்புச் சத்தால் செய்த வெள்ளைக் குருணையில் அதைச் சேர்த்து, தாடை வடிவத்தில் வளைத்த வலைத் தகட்டுக்குள் போட்டு, காலியாக இருக்கிற இடத்தில் வைத்துத் தைப்பார்கள். செல் எலும்பாக மாற மாறக் குருணை மெல்லக் கரைந்து இடம் விடும்.

"நடக்கும்னு நான் எழுதிக் குடுக்க மாட்டேன். இது ஆராய்ச்சி. நடந்தவங்களும் இருக்காங்க, நடக்காதவங்களும் இருக்காங்க. நடக்கலைன்னா அதை வெளியில எடுத்துட்டுக் கால் எலும்புக்குத்தான் போகணும். இடையில எப்ப வேணாம்னாலும் வேணாம்னு சொல்லலாம். யோசிச்சுட்டு வாங்க."

யோசிப்பதற்கு எனக்குச் சொல்லியா தர வேண்டும்?

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திருப்பூரில் நெருப்பெரிச்சல் என்கிற ஊர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவில் நம்பர் ஒட்டுகிறவள் நான். துணியை ஒன்றின் மேல் ஒன்றாக விரித்து ஒரேயடியாக வெட்டுவார்கள். முன்பக்கம் ஒரு கட்டு, முதுகு ஒரு கட்டு, கை ஒரு கட்டு என்று தனித்தனியாக வரும். ஒரே ரோல் துணியிலேயே சாயம் ஒரு கோடியில் சற்று ஏறியும் மறு கோடியில் சற்று இறங்கியும் இருக்கும். அதனால் ஏழாவது விரிப்பில் வெட்டின முன்பக்கம் அதே ஏழாவது விரிப்பின் முதுகோடும் கையோடும்தான் சேர வேண்டும். கடையில் விலை அடிக்கிற கருவி மாதிரி ஒன்று இருக்கும். அதில் எண்ணை வைத்து, ஒவ்வொரு துண்டிலும் சின்ன ஸ்டிக்கராக ஒட்டிக்கொண்டே போவோம். தைத்து முடித்ததும் உரித்துவிடுவார்கள். போட்டுக்கொள்கிறவருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது.

மாறிப்போனால் தெரியும். நான் சேர்ந்த புதிதில் ஒரு ஆர்டர் அப்படி மாறியது. டியூப்லைட் வெளிச்சத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வெயிலில் பிரித்துப் பார்த்தபோது ஒரு கை வெளுத்தும் ஒரு கை கறுத்தும் இருந்தன. கப்பல் ஏற வேண்டிய சட்டைகள், தள்ளுபடிச் சரக்கு விற்கிற காதர்பேட்டைக் கடைகளில் குவியலாகக் கிடந்ததை நானே போய்ப் பார்த்தேன். அதிலிருந்து எனக்கு உலகத்தில் இருக்கிற தப்புகளிலேயே பெரிய தப்பு, ஒன்றோடு சேர வேண்டியது இன்னொன்றோடு சேர்ந்துவிடுவதுதான்.

இந்த வேலையை உட்கார்ந்து செய்ய முடியாது. மேசையின் உயரம் அப்படி. கட்டைச் சுற்றி வரவும் வேண்டும். இதற்காகத்தான் காலைப் பற்றி அத்தனை கேள்வி.

மறுநாள் மேசையில் எனக்கு எதிரே நிற்கிறவள் கேட்டாள். அவள் விருதுநகர்ப் பக்கத்துக்காரி. வந்த நாளிலிருந்து என்னை மதினி என்றுதான் கூப்பிடுவாள்.

"ஏ மதினி, கோயமுத்தூர்ல என்ன சொன்னாக?"

சொன்னேன். அவள் கையில் இருந்த கருவியைக் கீழே வைத்துவிட்டாள்.

"வயித்துக் கொழுப்பா? கஞ்சியக் குடிச்சுக் குடிச்சு ஒட்டிக் கெடக்கு, ஒங்க வயிறெல்லாம் ஒரு வயிறா? எங்கிட்ட வந்து எடுத்துக்கிடச் சொல்லுங்க. ரெண்டு தாடைக்கு ஆகும்."

"அவங்கவங்களுதுதான் ஆகுமாமா."

"அட, இதுலயும் சாதி பாக்காகளா?"

பக்கத்து மேசைவரை சிரித்தார்கள். வடக்கத்திப் பையன்களுக்கு ஒன்றும் புரியவில்லை, அவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், இடது பக்கம் உள்ளே விழுந்திருப்பதால் சிரித்தால் கையால் மறைத்துக்கொள்வது அப்போது பழக்கமாகியிருந்தது.

வீட்டில் சிரிப்பு இல்லை. என் வீட்டுக்காரர் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவர். அதிகம் பேச மாட்டார். பேசினால் தீர்ந்தது என்று பேசுவார்.

"அம்மிணி, கால் எலும்பே வெச்சுக்கலாம். அது பார்த்த வழி. இது பாக்காத வழி."

"பார்த்த வழில போயி நான் நிக்க முடியாம ஆகிப்போனா?"

"உக்காந்து பண்ற வேலைக்கு மாறிக்க. நூல் பிசிறு வெட்டப் போ."

"குனிஞ்சே பிசிறு வெட்டறவங்க கழுத்தப் பாத்திருக்கீங்களா மாமா நீங்க?"

"செரி, வேலைக்கே போகாத. ஊட்டுல இரு."

"ஊட்டுல இருந்தா இன்னும் நல்லா வெசனப்படலாம், ஏனுங்?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டார். "கேஸ் சிலிண்டர் மாத்தக்கூட பயப்படறவ நீ. இதுக்கு மட்டும் எப்படித் துணியற?"

"துணியலீங்க. பயந்துக்கிட்டேதான் போறேன்."

அதை எப்படி இன்னும் தெளிவாகச் சொல்வது என்று அன்று எனக்குத் தெரியவில்லை. இப்போதும் முழுக்கத் தெரியாது. எப்போதாவது பயப்படுகிறவர்களுக்குப் பயம் என்பது நில் என்று சொல்கிற போலீஸ்காரர் மாதிரி. எனக்கு அது கூடவே வருகிற சொந்தக்காரர். எந்தப் பஸ் ஏறினாலும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் ஏறுவதா வேண்டாமா என்பதை அதனிடம் கேட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. என் கால்களை நான் பார்த்துக்கொண்டேன். உடம்பில் இதுவரைக்கும் எனக்கு வெசனமே கொடுக்காதவை அவை இரண்டும்தான். அவற்றின் மேல் கை வைக்க எனக்கு மனசு வரவில்லை.

கையெழுத்துப் போட்டேன். வயிற்றில் இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் நல்லது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டதால், என் வீட்டுக்காரர் தினமும் பாலும் நெய்யும் வாங்கி வந்து, நான் குடித்து முடிக்கும்வரை எதிரில் நின்றார். வேண்டாம் என்று சொன்ன மனுஷன்தான். முடிவாகிவிட்டால் அவருக்கு அது அவருடைய முடிவு. பழனி முருகனுக்கு என்று மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்ததை நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

எலும்பு வருமா வராதா என்பதற்கு முன்னால் எனக்கு வேறு ஒரு வெசனம் வந்து உட்கார்ந்துகொண்டது. என் செல்லை எங்கேயோ ஒரு அறையில் வாரக்கணக்கில் வைக்கப்போகிறார்கள். அங்கே இன்னும் பல பேருடையதும் இருக்கும். எல்லாம் ஒரே மாதிரி தண்ணீராகத்தான் இருக்கும். மாறிப்போனால்?

டாக்டரம்மாவிடம் கேட்டேன். ஒவ்வொரு குப்பிக்கும் பார்கோடு உண்டு, கையில் எடுக்கும்போதெல்லாம் இரண்டு பேர் சரிபார்ப்பார்கள் என்று பொறுமையாகச் சொன்னார். தலையாட்டினேன். பார்கோடு ஈரத்தில் உரிந்து வருவதை நான் எத்தனை பார்த்திருக்கிறேன்! இரண்டு பேர் சரிபார்ப்பதையும் பார்த்திருக்கிறேன். ஒருத்தி பார்ப்பாள், இன்னொருத்தி அவள் பார்த்துவிட்டாள் என்று நம்புவாள்.

கொழுப்பு எடுக்கிற நாள் காலையில், ஆஸ்பத்திரி பாத்ரூமில் பச்சை அங்கியை மாட்டிக்கொண்ட பிறகு, பர்சைத் திறந்தேன். கம்பெனிக் கருவியில் ஒரே எண்ணை இரண்டு தடவை அடித்து எடுத்து வந்திருந்தேன். ஒன்றைத் தொப்புளுக்குக் கீழே ஒட்டினேன். இன்னொன்றை இடது தாடைக்கு அடியில் ஒட்டினேன். என்ன எண் என்பதில் விசேஷம் ஒன்றும் இல்லை. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கிருந்து எடுத்ததோ அது எங்கே போக வேண்டும் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும். கண்ணாடியில் பார்த்தபோது மனசு அத்தனை லேசாக இருந்தது. எனக்கு மயக்கம் கொடுத்த பிறகு யாராவது கவனித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.

மயக்கம் கொடுப்பதற்கு முன்னாலேயே கவனித்துவிட்டார்கள். வயிற்றைத் துடைக்க வந்த மலையாளத்து நர்ஸ் அங்கியை விலக்கிவிட்டு நின்றார்.

"அய்யோ சேச்சி, இது என்ன? விலையா?"

"இல்லீங்க, நம்பருங்க."

"என்ன நம்பர்?"

"தாடைலயும் இருக்குதுங்க. ரெண்டும் ஒண்ணுதான்."

அவர் என் முகத்தைத் திருப்பித் தாடையைப் பார்த்தார். அடுத்து நடந்தது எனக்குச் சத்தமாகத்தான் நினைவிருக்கிறது. யாரோ சிரித்தார்கள், யாரோ 'டாக்டர்' என்று கூப்பிட்டார்கள், முகமூடிக்கு மேலே இரண்டு கண்கள் மட்டுமாக டாக்டரம்மா வந்து குனிந்தார்.

"யாரும்மா ஒட்டினது?"

"நானுங்க. மாறிப்போயிடக் கூடாதுன்னுங்க."

அவர் சிரிக்கவில்லை. "இது எங்க இருந்த ஸ்டிக்கர்?"

"கம்பெனிலதானுங்க. கட்டிங் மேசைல."

"அம்மா, அந்தப் பசைலயும் தூசியிலயும் கிருமி இருக்கும். குழாய் போற இடத்துல கொண்டுபோய் ஒட்டி வச்சிருக்கீங்க. செல்லோட சேர்ந்து ஒரே ஒரு கிருமி உள்ள போனாப் போதும், மொத்தத்தையும் கொட்டிட்டு மறுபடி உங்க வயித்தைத்தான் தேடி வரணும்."

இத்தனை வருடமாக இருந்த ஒரே பயம் மாறிப்போவது. கெட்டுப்போவது என்று ஒன்று இருப்பதையே நான் நினைக்கவில்லை. உரித்தார்கள். தேய்த்துக் கழுவினார்கள். பிறகு பழுப்பு மருந்தால் திரும்பக் கழுவினார்கள். என்னை நகர்த்திவிட்டு அடுத்து இருந்தவரை முதலில் எடுத்துக்கொண்டார்கள். வெளியே என் வீட்டுக்காரருக்கு, தாமதம் ஆகும் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். ஏன் என்று சொல்லவில்லை. அவர் அன்றைக்குத்தான் என் அளவுக்கு வெசனப்பட்டதாகப் பின்னால் சொன்னார்.

சாயந்திரம், வயிற்றில் பெல்ட் கட்டிப் படுத்திருந்தபோது டாக்டரம்மா வந்தார். திட்டப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். "உங்க பயம் எனக்குப் புரியுது. ஆனா இங்க எங்க முறைய நம்பித்தான் ஆகணும். வேற வழி இல்லை" என்றார். பிறகு, செல்லைப் பார்த்துக்கொள்ளும் பெண் அவ்வப்போது எனக்குப் படம் அனுப்புவாள் என்றார்.

அந்தப் பெண்ணுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. ஒரு வாரம் கழித்து முதல் படம் வந்தது. சாம்பல் நிறத் தரை. அதில் நடுவில் பருத்து இரண்டு முனையிலும் கூராகிப்போன ஏதோ அங்கங்கே சிதறிக் கிடந்தன. ஓவர்லாக் மெஷினுக்கு அடியில் விழுந்து கிடக்கிற நூல் துணுக்குகள் மாதிரி. போனில் கூப்பிட்டேன்.

"இதுங்களா கண்ணு நானு?"

"நீங்கதான் அக்கா."

"எலும்பு மாதிரி இல்லையே."

"இன்னும் முடிவு பண்ணலை அக்கா. முடிவு பண்ண வைக்கணும். அதுக்குத் தனியா சத்துத் தண்ணி குடுப்போம்."

அந்தப் படத்தை அடிக்கடி எடுத்துப் பார்த்தேன். எங்கள் ஊர் கொமரலிங்கத்தில் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றபோது, திருப்பூருக்குப் போவது என்று எனக்காக மற்றவர்கள்தான் முடிவு செய்தார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை; வயலில் குனிந்து கிடந்ததைவிட மேசைக்கு முன்னால் நிமிர்ந்து நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அதற்குப் பிறகு என்னுள் எல்லாம் முடிந்துபோனது என்றுதான் நினைத்திருந்தேன். இன்னாருடைய மனைவி, இந்த மேசை, இந்தக் குணம், இந்த வெசனம். மகளைக் கட்டிக்கொடுத்த வயதில், என் வயிற்றுக்குள் இன்னும் எதுவாகவும் முடிவாகாத ஒன்று இத்தனை காலமும் சும்மா இருந்திருக்கிறது என்றால், அதை எங்கே வைத்து யோசிப்பது? இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

அந்தப் பெண்ணை நான் படுத்திய பாடு கொஞ்சமில்லை.

"கரண்ட் போனா என்ன பண்ணுவீங்க கண்ணு?"

"ஜெனரேட்டர் இருக்கு அக்கா."

"ஜெனரேட்டர் ஓடலீன்னா?"

"இன்னொரு ஜெனரேட்டர் இருக்கு அக்கா."

"அதுவும்..."

"அக்கா, சாப்டீங்களா?"

என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஆஸ்டல்ல புள்ளையச் சேத்துன மாதிரியே பண்றா" என்றார். மகளை ஹாஸ்டலில் விட்டிருந்தபோது அவர்தான் வாரம் தவறாமல் போய் நின்றவர் என்பதை நான் ஞாபகப்படுத்தினேன். ரசத்தை எடுத்து ஊற்றிக்கொண்டார்.

செல்கள் வேண்டிய அளவு பெருகின. கிருமி எதுவும் இல்லை என்று பரிசோதனையில் வந்தது. தாடையைத் திறந்து, அவற்றை உள்ளே வைத்துத் தைத்தார்கள். அதற்குப் பிறகு சில மாதங்கள் என் வாய்க்குள் மெல்லுகிற பொருள் எதுவுமே போகவில்லை. ராகிக் கூழ், பருப்புத் தண்ணீர், கரைத்த சாதம். கம்பெனியில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள், கால் நன்றாக இருந்ததால் மேசைக்கு முன்னால் நிற்க முடிந்தது. எதிரே நிற்கிறவள் என் வீங்கிய முகத்தைப் பார்த்து ஒருநாள் கேட்டாள்.

"ஏ மதினி, வயித்துக் கொழுப்புத்தான? நாளைக்கு நீங்க குண்டானா தாடையும் சேந்து குண்டாகிருமோ?"

அவள் விளையாட்டுக்குக் கேட்டாள். நான் அடுத்த முறை டாக்டரம்மாவிடம் அதையே கேட்டேன். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஆகாதும்மா, எலும்பாக மாறிவிட்டால் எலும்பு மாதிரிதான் நடந்துகொள்ளும் என்றார். மாறிவிட்டால் என்ற சொல்லை நான் பிடித்துக்கொண்டேன்.

பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா கம்ப்யூட்டரில் என் தாடையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். முன்பு கறுப்பாக, காலியாக இருந்த இடத்தில் வெள்ளையாக ஒன்று நிரம்பி இரண்டு முனையையும் தொட்டுக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் கை கூப்பிவிட்டார்.

"அந்தக் குருணையும் வெள்ளைதானுங்களே?" என்றேன்.

"ஏன் அம்மிணி, நல்ல சேதி சொல்றப்பக்கூடவா?" என்றார் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு.

டாக்டரம்மா கம்ப்யூட்டரைவிட்டு என் பக்கம் திரும்பினார். "அவங்க கேக்கறது சரிதான். இதை நானே சொல்லணும்னு இருந்தேன். குருணையும் ஸ்கேன்ல வெள்ளையாத்தான் தெரியும். எவ்வளவு எலும்பு, எவ்வளவு குருணைன்னு இதை வச்சு முழுசாச் சொல்ல முடியாது. பல்லுக்கு ஸ்க்ரூ போடத் துளை போடுவோம் பாருங்க, அப்பத்தான் தெரியும். எலும்பா இருந்தா ஸ்க்ரூ நிக்கும். பொடிஞ்சு வந்தா..." முடிக்கவில்லை. அவர் கண் ஒரு விநாடி என் காலுக்குப் போய் வந்ததை நானும் பார்த்தேன், என் வீட்டுக்காரரும் பார்த்தார்.

துளை போடுகிற நாளுக்கு என் வீட்டுக்காரர் இரண்டு பைகள் எடுத்து வந்தார். ஒன்றில் அன்றைக்கே வீடு திரும்புவதற்கான சாமான். இன்னொன்றில் போர்வை, மாற்றுத்துணி, ஃபிளாஸ்க். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

மயக்கம் கொடுக்கவில்லை, அந்தப் பக்கத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள். உதடு, நாக்கு, கன்னம் எல்லாம் வேறு யாருடையதோ ஆகிவிட்டன. முகத்தின் மேல் பச்சைத் துணி. அதில் ஒரு ஓட்டை, ஓட்டைக்குள் என் வாய். கண்ணையும் மூடிவிட்டதால் எனக்குக் காது மட்டும்தான் இருந்தது. ஈறைக் கீறியது தெரியவில்லை. வலைத் தகட்டில் ஒரு பகுதியை விலக்கியபோது உலோகம் உலோகத்தில் உரசியது. பிறகு ட்ரில் சத்தம் காற்றில் சன்னமாக ஆரம்பித்தது. நான் மனசுக்குள் முருகனைக் கூப்பிட்டேன். முருகனோடு சேர்த்துக் கால் கால் என்றும் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

ட்ரில் உள்ளே தொட்டது. சன்னமான சத்தம் சட்டென்று கனத்துவிட்டது. மண்டைக்குள், காதுக்குப் பின்னால், கழுத்து நரம்புவரைக்கும் அதிர்ந்தது. வலி இல்லை, அதிர்வு மட்டும். ஒரு ஈரமான மரத்தைக் குடைவது மாதிரி அது நின்று, அழுந்தி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிற்று. டாக்டரம்மா நிறுத்தினார். என் கைகள் தானாக அங்கியைப் பிடித்துக்கொண்டன.

"ரத்தம் வருது" என்றார்.

ரத்தம் என்று ஆஸ்பத்திரியில் யார் சொன்னாலும் எனக்கு அது கெட்ட சேதிதான். ஆனால் அந்தக் குரலில் இருந்தது வேறு. கூட இருந்த நர்ஸும் குனிந்து பார்ப்பது துணி உரசுகிற சத்தத்தில் தெரிந்தது.

"அம்மா, கேக்குதா? துளைக்குள்ள இருந்து ரத்தம் வருது. வெறும் குருணைல ரத்தம் ஊறாது. ட்ரில்லை எதிர்த்து நிக்குது. இது எலும்புதான்."

தலையாட்டக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதனால் அசையாமல் படுத்திருந்தேன். மூடிய துணிக்கு அடியில் கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் இறங்கியது. வலது காதுக்குள் இறங்கியது மட்டும்தான் உறைத்தது. ஸ்க்ரூ போட்டார்கள். பின் முனையில் ஓரிடம் இன்னும் கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது, அங்கே இப்போதைக்கு வேண்டாம், காத்திருப்போம் என்று டாக்டரம்மா பேசிக்கொண்டார். துளையிலிருந்து எடுத்த துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்க்க அனுப்பினார்கள். அவர்களும் பின்னால் எலும்பு என்றேதான் சொன்னார்கள்.

வெளியே வந்தேன். இரண்டு பைகளையும் இரண்டு தோளில் மாட்டியபடி என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். என் முகத்தைப் பார்த்தார். பாதி முகம் தொங்கிக்கொண்டிருந்தது, வாயோரத்தில் பஞ்சு, பஞ்சில் சிவப்பு, கண்ணெல்லாம் அழுத கண். பஞ்சைக் கடித்தபடி இருக்க வேண்டும், பேசவே கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன். அவருக்கு அது கண்ணில் படவில்லை.

"செரி, விடு" என்றார். "விடு அம்மிணி. கால்தான? நான் நிக்கறேன் உனக்கும் சேத்து. விடு."

சொல்லிக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நான் தலையை ஆட்டினேன். இல்லை இல்லை என்று கையை ஆட்டினேன். அழுகிறேன் என்று அதையும் எடுத்துக்கொண்டு, போர்வை இருந்த பையைத் திறக்க ஆரம்பித்தார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அந்த வராந்தாவில் அத்தனை பேர் பார்க்க, செருப்பைக் கழற்றிவிட்டு, அவருக்கு எதிரே இடது காலைத் தூக்கிக்கொண்டு வலது காலில் மட்டும் நின்றேன். பிறகு வலது காலைத் தூக்கிக்கொண்டு இடது காலில் நின்றேன்.

அவர் பையிலிருந்து கையை எடுக்காமல் என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, "ஏனுங்க, அவங்களுக்கு மயக்கம் இன்னும் தெளியலீங்களா?" என்று அவரிடம் கேட்டார்.

"தெளிஞ்சிருச்சுங்க" என்றார் அவர். "இப்பத்தான் தெளிஞ்சுது."